கொல்லும் வாயு மருந்தாகுமா? ஒளியை நம்பும் விஞ்ஞானிகள்

புது தில்லி: குளிர்காலம் பிறந்தால் தலைநகரச் செய்தியாளர்களுக்கு ஒரு துயரச் செய்தி வந்து சேருவது வழக்கம். கதவு, ஜன்னல்களை அடைத்து, கரியடுப்பை மூட்டி உறங்கியவர்கள் காலையில் எழவில்லை என்பதே அச்செய்தி. உயிரைப் பறித்தது கார்பன் மோனாக்சைடு. ரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினை ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் இறுகப் பற்றும் வாயு அது.

அதே வாயுவை நம் உடலும் மிகச் சிறிய அளவில் தயாரிக்கிறது. முதிர்ந்த சிவப்பணுக்கள் சிதையும்போது அது உண்டாகிறது. அழற்சியைத் தணிக்கவும் உதவுவதாக ஆய்வுகள் கூறுகின்றன. ரத்தக் குழாயைத் தளர்த்தும் நைட்ரிக் ஆக்சைடும் இத்தகையதே. அதன் பணியை வெளிப்படுத்திய மூன்று அமெரிக்கர்கள் 1998-இல் நோபல் பரிசு பெற்றனர்.

இவற்றைச் சுவாசத்தின் வழியே செலுத்தினால், நோயுள்ள இடத்தில் மட்டும் சேர்க்க இயலாது. அளவு பிசகினால் ஆபத்து. எனவே, வாயுவை ஒரு மூலக்கூறில் பூட்டி அனுப்பி, தேவையான இடத்தில் மட்டும் ஒளி பாய்ச்சி விடுவிக்கும் முறையை விஞ்ஞானிகள் நாடுகின்றனர். விளக்கை அணைத்தால் வாயு வெளியேறுவதும் நிற்கும். ஒளி பட்டதும் கார்பன் மோனாக்சைடை வெளியிடும் மாங்கனீசு சேர்மம் ஒன்றை மோட்டர்லினி குழுவினர் 2002-இல் பிரிட்டனில் சோதித்துக் காட்டினர்.

மருத்துவமனைகளுக்கு இது முற்றிலும் புதிதல்ல. கடும் ரத்த அழுத்தத்துக்கு ஏற்றப்படும் சோடியம் நைட்ரோபுருசைடு பாட்டிலை, ஒளி புகாத தாளால் செவிலியர் சுற்றிவைப்பர். ஒளி பட்டால் மருந்து சிதைந்து நைட்ரிக் ஆக்சைடு வெளியேறிவிடும் என்பதே காரணம். அங்கே தொல்லையாக இருப்பது இங்கே கருவியாகிறது.

ஒளியால் ஹைட்ரஜன் சல்பைடை விடுவிக்கும் மூலக்கூறுகளைப் புணே ஐசர், கரக்பூர் ஐஐடி ஆய்வுக் குழுக்கள் உருவாக்கியுள்ளன. ஆயினும் தடைகள் பல. புற ஊதாக் கதிர் தோலைத் தாண்டி அதிகம் செல்லாது. சிவப்பும் அகச்சிவப்பும் சற்று ஆழம் செல்லும். உள்ளுறுப்புகளுக்கு ஒளியிழையைச் செலுத்த வேண்டும். வாயு வெளியேறியபின் எஞ்சும் உலோகம் நஞ்சாகலாம். இத்துறையின் பெரும்பகுதி இன்னும் சோதனைக் குழாயிலும் எலியிலுமே உள்ளது.

இங்குதான் நாடாளுமன்றம் வருகிறது. அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளை மசோதாவை 2023 ஆகஸ்ட் 7-இல் மக்களவை நிறைவேற்றியது. அன்று எங்கள் கண்களெல்லாம் மாநிலங்களவையில் தில்லி சேவைகள் மசோதா மீதே இருந்தன என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஐந்தாண்டுகளில் ரூ.50,000 கோடி என்று அரசு அறிவித்தது. அதில் சுமார் ரூ.36,000 கோடி தனியார் தொழில்துறை உள்ளிட்ட அரசு சாரா வழிகளில் வரவேண்டியது.

2025 ஜூலையில் அமைச்சரவை ஒப்புதலளித்த ரூ.1 லட்சம் கோடி ஆராய்ச்சி நிதித் திட்டமோ, தொழில்நுட்ப ஆயத்தத்தில் நான்காம் படியையும் அதற்கு மேலும் எட்டிய திட்டங்களுக்கே உரியது. எலியைத் தாண்டாத மூலக்கூறை அந்தப் படிவரை கொண்டுசெல்லும் செலவு யாருடையது என்ற கேள்வியை எந்தக் கட்சி உறுப்பினரும் அவையில் எழுப்பலாம்.