கண்ணாடித் தலையன்

முதல் தடவை இந்த மீனின் படத்தைப் பார்த்ததும் "அய்யோ பாவம், என்ன சோகமான கண்!" என்று உருகிவிட்டேன். உருகியதெல்லாம் வீண். வாய்க்கு மேலே இருக்கும் அந்த இரண்டு கரும்புள்ளிகளும் மூக்குத் துளைகளாம்!

அப்போ கண் எங்கே? இன்னும் கொஞ்சம் மேலே, தலைக்குள்ளே! மண்டையின் மேல்பாதி முழுக்கக் கண்ணாடி மாதிரி தெளிந்த கூடு. உள்ளே திரவம். அதற்குள் பச்சைப் பசேலென்று இரண்டு குழாய்க் கண்கள், வானத்தைப் பார்த்தபடி. பேரல்-ஐ என்கிற இந்த மீனின் மொத்த நீளமே ஒரு சாண் தேறாது.

மீனியலாளர் வில்பர்ட் சாப்மேன் 1939-இலேயே இதற்கு மாக்ரோபின்னா மைக்ரோஸ்டோமா என்று பெயர் வைத்துவிட்டார். பெரிய துடுப்பு, சின்ன வாய் என்று அர்த்தம். தலையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை, கவனித்தீர்களா? வலையில் சிக்கி மேலே வருவதற்குள் அந்த மென்மையான கூடு கிழிந்து போய்விடும். பழைய படங்கள் பெரும்பாலானவற்றில் கூடே கிடையாது!

சரி, திரைக்குப் பின்னால் போவோம். கலிபோர்னியாவின் மான்டரே விரிகுடாவில் கரையை ஒட்டியே கடலடிப் பள்ளத்தாக்கு தொடங்கிவிடுகிறது. அங்குள்ள கடல் ஆய்வு நிறுவனம் ஆளில்லா நீர்மூழ்கியைக் கேபிளில் கட்டி இறக்கும். ஓட்டுநர்களும் ஆய்வாளர்களும் கப்பலில் உட்கார்ந்து திரையையே வெறிப்பார்கள். 2021 வரை 5,600 முறைக்கு மேல் இறக்கி, 27,500 மணி நேரத்துக்கு மேல் படம் பிடித்தார்கள். ராப்பகலாக ஓட்டினால் மூன்று வருடம் தாண்டும் சினிமா. நம் கதாநாயகர் தலைகாட்டியது ஒன்பதே முறை! நம்ம ஊர் நட்சத்திரங்கள் தோற்றார்கள் போங்கள்.

இவர் குடியிருப்பது 600 முதல் 800 மீட்டர் ஆழத்தில். சூரியன் அங்கே மங்கலான நீலப் பூச்சுதான். அகலத் துடுப்புகளை விரித்துக்கொண்டு ஆடாமல் அசையாமல் மிதப்பார். மேலே ஏதாவது நிழல் கடக்கிறதா என்று கண் மட்டும் காவல் காக்கும். அந்தப் பச்சை நிறம் சூரிய ஒளியை வடிகட்டி, உயிரினங்கள் தாமே விடும் ஒளியைப் பிரித்துக் காட்டும் என்பது ஆய்வாளர்களின் எண்ணம்.

ஆனால் கண் மேலே, வாய் முன்னே. பார்த்ததை எப்படித் தின்பது? ரொம்ப காலமாக இந்தக் கண்கள் அசையாதவை என்றே நினைத்திருந்தார்கள். அதே நிறுவனத்தின் ஆய்வாளர்கள் ப்ரூஸ் ராபிசனும் கிம் ரைசன்பிக்லரும் ஒன்றை உயிரோடு மேலே கொண்டுவந்து கப்பல் தொட்டியில் விட்டார்கள். சில மணி நேரம்தான் பிழைத்தது. அதற்குள் குட்டு உடைந்துவிட்டது: உடல் கிடைமட்டத்திலிருந்து செங்குத்தாகத் திரும்பத் திரும்ப, கூட்டுக்குள் கண்களும் உருண்டு முன்பக்கம் வந்தன! 2008-இல் இதை எழுதி வெளியிட்டார்கள்.

சாப்பாட்டில் ஒரு பங்கு திருட்டுச் சோறாக இருக்கலாம் என்பது அவர்கள் கணிப்பு. சைஃபனோஃபோர் என்று சொறிமீனுக்கு உறவுக்காரர் ஒருவர். பத்து மீட்டர்கூட நீளுவார், உடம்பெல்லாம் கொட்டும் இழைகள். அந்த இழைகளில் ஒட்டிய சின்னஞ்சிறு இரைகளை நம்மவர் நைசாகக் கொத்துவாராம். கொட்டு கண்ணில் படாமலிருக்கத் தலையில் கண்ணாடிக் கவசம், கொத்த வேண்டியதைக் குறிபார்க்க உருளும் கண். அந்தத் துளியூண்டு வாய்க்கு எவ்வளவு ஏற்பாடு பாருங்கள்!