நீர் அரத்தாளின் தேர்வும் காப்பும்

மோட்டார் வண்டியின் வர்ணத்தைச் செப்பனிடுதல் என்றதும் வர்ணம் விசிறும் கருவியே பலருடைய நினைவுக்கு வரும். ஆயினும், விசிறுவதற்கு முன்னும் பின்னும் நிகழும் தேய்ப்பு வேலையே அச்செப்பத்தின் தரத்தை நிர்ணயிக்கின்றது. அடியிலுள்ள ஆழ்ந்த கீறலை மேற்பூச்சு மறைப்பதில்லை. பளபளப்பேற்றி அதனை மேலும் புலப்படுத்துகின்றது. இலங்கையில் 2020 ஆம் ஆண்டில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் மோட்டார் வண்டிகளைப் பொறுத்தவரை 2025 ஆம் ஆண்டிலேயே மீண்டும் அனுமதிக்கப்பட்டது. இருக்கும் வண்டியைப் பேணிக் காக்கும் தேவையைப் பல இல்லங்கள் அக்காலத்தில் உணர்ந்தன. அவ்வேலைக்கு வேண்டிய பொருள்களுள் விலை குறைந்தது அரத்தாள். பெருஞ் சேதத்தை விளைவிக்க வல்லதும் அதுவே.

பழைய அரத்தாள்களில் மணிகள் விலங்குப் பசையினால் ஒட்டப்பட்டிருந்தன. அப்பசை நீரிற் கரையுமாதலின், உலர்ந்த நிலையிலேயே தேய்க்க வேண்டியிருந்தது. எழுந்த தூசி தொழிலாளரின் நுரையீரலை அடைந்தது; அக்கால வர்ணங்களில் ஈயம் கலந்திருந்தமையால் தீங்கு இருமடங்காயிற்று. அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் அச்சு மை தயாரித்து வந்த பிரான்சிஸ் ஓக்கி என்பவர், நீரில் நனைத்தும் பயன்படுத்தத்தக்க அரத்தாளை ஆக்கினார். பின்னாளில் த்ரீ எம் எனப் பெயர் பெற்ற மினசோட்டா நிறுவனம் அதனை 1921 ஆம் ஆண்டில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. நீர், தூசியை அடக்கியது. தேய்ந்த துகள்களைக் கழுவி அகற்றியது. தாள் அடைபடாமற் காத்தது.

இத்தாளிற் பெரும்பாலும் காணப்படும் கருஞ் சாம்பல் நிற மணி சிலிக்கன் காபைட்டு ஆகும். வைரத்துக்குச் சற்றே குறைந்த கடினம் உடையது அது. உடையும்போதும் கூரிய முனைகளையே தருவதால் மென்மையான தேய்ப்புக்கு உகந்தது. மரவேலைக்கு உதவும் சாதாரணத் தாளை நீரில் நனைத்தால் தாள் கூழாகும். மணிகள் உதிர்ந்து வர்ணத்தைக் கீறும்.

இனி, இலக்கங்களைக் கவனிப்போம். தாளின் முதுகில் உள்ள இலக்கம் கூடக்கூட மணி நுண்மையடையும். ஆனால் எல்லா இலக்கங்களும் ஒரே அளவு முறையைச் சேர்ந்தவை அல்ல. இலக்கத்தின் முன் 'பி' என்னும் ஆங்கில எழுத்து இருந்தால் அது ஐரோப்பிய முறை. அமெரிக்க முறையில் அவ்வெழுத்து இல்லை. பி 1200 என்னும் தாள் அமெரிக்க முறையின் 600 ஐ ஒத்தது. பி 800 அம்முறையின் 400 ஐ ஒத்தது. இவ்வேறுபாட்டை அறியாது இரு முறைத் தாள்களையும் கலந்து வாங்குவோர், நுண்மையானது என எண்ணிப் பருமையானதைக் கையில் எடுக்க நேரும்.

ஐரோப்பிய முறைப்படி, வர்ணத்துக்கு முந்திய அடிப்பூச்சைச் சமப்படுத்த 400 முதல் 800 வரையான தாள்கள் பயன்படும். முடிவுற்ற மேற்பூச்சில் உள்ள தூசிப் புள்ளியையோ வழிந்த தடத்தையோ நீக்க 1500, 2000 ஆகிய தாள்களும், அதன்பின் 2500 அல்லது 3000 உம் வேண்டும். பள்ளத்தை நிரப்பும் பசையை மட்டும் உலர்ந்த தாளினாலேயே தேய்த்தல் நன்று. அது நீரை உறிஞ்சி வைத்திருப்பின் பின்னர் பூச்சு கொப்புளிக்கும், தகடு துருப்பிடிக்கும்.

இதில் இத்துணைக் கவனம் வேண்டுவதன் காரணம் பூச்சின் மென்மையே. ஒரு மில்லிமீற்றரை ஆயிரங் கூறிட்டால் ஒரு கூறு ஒரு மைக்கிரோன். தற்கால வண்டிகளின் மேலுள்ள நிறமற்ற தெளிபூச்சு பொதுவாக 40 முதல் 50 மைக்கிரோன் அளவே தடிப்புடையது; தலைமயிர் ஒன்றினும் மெல்லியது. வெயிலிலிருந்து நிறத்தைக் காப்பதும் அதுவே. தேய்த்து இழந்த தெளிபூச்சை மெருகு எதுவும் மீட்டுத் தராது.

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பர். அரத்தாளுக்கோ ஒரு மணி போதும், பானை முழுவதையும் கெடுப்பதற்கு. 2000 ஆம் இலக்கத் தாளில் 400 இன் மணி ஒன்று ஒட்டியிருந்தால், கதவு முழுவதும் அது கோடிழுத்துச் செல்லும். ஆதலால் நல்ல தாளைத் தேர்தலும் அதனைத் தூய்மையாகக் காத்தலும் ஒரே கடமையின் இரு பக்கங்கள்.

வாங்கும்போது தாளை வெளிச்சத்திற் சாய்த்துப் பார்த்தல் வேண்டும். மணிகள் திட்டுத்திட்டாக இன்றிச் சீராகப் பரவியிருத்தல் நன்று. மெல்ல வளைத்தால் மணி உதிரலாகாது. முதுகில் இலக்கம் தெளிவாக அச்சிடப்பட்டிருத்தல் வேண்டும். ஓரம் சுருண்ட தாளையும், ஈரக் கறை படிந்த தாளையும் தவிர்த்தல் தகும்.

தாளைக் காப்பதில் இலங்கையின் காலநிலையே முதற் பகை. அரத்தாளுக்கு 40 முதல் 60 வீதம் வரையான ஈரப்பதன் உகந்தது. நம் கரையோரங்களிலோ அது பெரும்பாலும் 70 வீதத்தைத் தாண்டும். ஒரு பக்கம் ஈரத்தை ஏற்று மறு பக்கம் ஏற்காதபோது தாள் சுருளும். நீரைத் தாங்கும் தாளுக்கும் இக்குறை ஓரளவு உண்டு. எனவே வாங்கிய உறையிலேயே தட்டையாக வைத்து, மேலே பலகை ஒன்றைப் பாரமாக இடுதல் வேண்டும். சீமெந்துத் தரையும், சுவரோரமும், வெயிலிற் காயும் வண்டியின் உட்புறமும் ஏற்ற இடங்கள் அல்ல. மூடியுள்ள பெட்டியோ அலுமாரியோ போதும்.

ஒவ்வோர் இலக்கத்துக்கும் தனி உறை வேண்டும். தாளைத் துண்டாக்கும்போது இலக்கம் ஒரு துண்டிலேயே தங்கிவிடும். மற்றைத் துண்டுகளின் முதுகில் பென்சிலால் எழுதிவிடல் வேண்டும். பயன்படுத்திய துண்டை ஓடும் நீரில் அலசி, நிழலில் உலர்த்தி, முற்றும் காய்ந்த பின்னரே எடுத்து வைக்கலாம். ஆனால் புதிய தாள்களோடு சேர்த்தல் ஆகாது.

தேய்க்குமுன் தாளைக் கால் மணி நேரமேனும் தூய நீரில் ஊறவைத்தால் ஓரங்கள் இளகும். நீரில் சில துளி சவர்க்காரம் சேர்ப்பின் தாள் வழுக்கிச் செல்லும். விரல்களால் அழுத்தாது இறப்பர்க் கட்டையில் தாளைச் சுற்றித் தேய்த்தல் வேண்டும். விரல் அழுத்தம் பள்ளம் வீழ்த்தும். ஓர் இலக்கத்திலிருந்து மறு இலக்கத்துக்கு மாறுமுன் வண்டியையும், கட்டையையும், கையையும் கழுவி, வாளி நீரையும் மாற்றுதல் வேண்டும். வாளியை மணல் தரையில் வைத்தலும் ஆகாது. தேய்த்த குழம்பு நீரைக் கிணற்றருகே ஊற்றுவது தீது. பழைய வண்டியாயின் அதில் ஈயமும் இருக்கக்கூடும்.

பட்டறைத் தொழிலாளிக்கு இவை பழக்கத்தால் வந்தவை. வீட்டிலே தம் வண்டியைத் தாமே செப்பனிட முனைவோர் இவற்றை முன்னரே அறிந்திருப்பின், சிறு கீறலை நீக்கப் புகுந்து கதவு முழுவதற்கும் வர்ணம் பூசும் செலவுக்கு ஆளாகார்.