பேட்டரியை ஏன் பூட்டினார்கள்?

ராஜா அண்ணாமலைபுரத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். பேட்டரி உப்பி, போனின் பின்மூடி எழும்பிவிட்டதாம். மந்தைவெளிக் கடையில், "சூடு காட்டித்தான் திறக்கணும்மா, கண்ணாடி உடைஞ்சா நாங்க பொறுப்பில்ல" என்றார்களாம். நகத்தால் நெம்பினால் கையோடு வந்த பேட்டரி எங்கே போயிற்று என்று கேட்கிறார்.

கையால் எடுத்துப் போடும் பேட்டரி கீழே விழும், சாவிக்கொத்தோடு பையில் கிடக்கும். அதற்குக் கெட்டியான கூடு வேண்டும். போனுக்குள்ளும் தனிக் குழி, சுவர் எல்லாம் வேண்டும். யாரும் தொடாத பேட்டரிக்கு மெல்லிய அலுமினியத் தாளுறை போதும். தூக்குப்பாத்திரத்தில் வாங்கிய பாலுக்கும் ஆவின் பாக்கெட்டுக்கும் உள்ள வித்தியாசம்தான். மிச்சமாகும் இடத்தில் கூடுதல் மின்சாரம் சேமிக்கலாம், போனும் மெலியும். 2007-ல் முதல் ஐபோன் இப்படி வந்தது. சாம்சங்கின் கேலக்ஸி எஸ் வரிசை 2015-ல் எஸ்6 மாடலோடு அந்த வழிக்குப் போனது.

தண்ணீர் புகாமலிருக்கத்தான் மூடியைப் பசையால் ஒட்டுகிறோம் என்று தயாரிப்பாளர்கள் சொல்வதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. எஸ்6-க்கு முந்தைய எஸ்5-இல் மூடியைக் கழற்றலாம், தண்ணீரையும் தாங்கும். ரப்பர் வளையத்தால் முடிந்த வேலைதான் அது. பசை தயாரிப்பாளருக்குச் சுலபம்; பழுது பார்ப்பவருக்கும் நமக்கும்தான் சிரமம்.

கழற்றும் பேட்டரிகளில் எனக்குப் பிடித்தது நோக்கியாவின் பிஎல்-5சி. டார்ச் விளக்கோடு வந்த 1100-க்குள் இருந்ததும் இதுதான். முனையில் மூன்று தங்கநிறப் பட்டைகள்: ஒன்று பிளஸ், ஒன்று மைனஸ். மூன்றாவது, உள்ளே இருப்பது எந்த வகைப் பேட்டரி என்று போனுக்குச் சொல்லும். அதன் பின்னால் ஒரு சின்ன மின்தடை, அவ்வளவே. 2007 ஆகஸ்டில், மட்சுஷிடா நிறுவனம் தயாரித்த 4 கோடியே 60 லட்சம் பிஎல்-5சி பேட்டரிகள் சூடேறக்கூடும் என்று நோக்கியா எச்சரித்தது. பேட்டரியைக் கழற்றி, பின்னாலிருந்த அடையாள எண்ணைப் பார்த்து, சிக்கலானது என்றால் வேறு வாங்கிக்கொள்ளலாம். போன் நம் கையிலேயே இருந்தது. 2016-ல் கேலக்ஸி நோட் 7 தீப்பிடித்தபோது மொத்தப் போனையும் திரும்பப் பெற்று, அந்த மாடலையே நிறுத்த வேண்டியதாயிற்று.

ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலை 2014-ல் மூடப்பட்டது. பிஎல்-5சி மட்டும் சாகவில்லை. மலிவான எஃப்எம் ரேடியோக்களிலும் கையடக்க ஸ்பீக்கர்களிலும் இன்றும் அதே அளவு, அதே மூன்று பட்டைகள். எந்தக் குழுவும் கூடித் தீர்மானிக்காமலே அது ஒரு பொது அளவாகிவிட்டது. ஸ்மார்ட்போன்களில் மாடலுக்கு ஒரு பேட்டரி. மாடல் நின்றால் நல்ல பேட்டரி கிடைப்பதும் அரிது. நன்றாக ஓடும் போனை இதற்காகத் தூக்கிப் போடுவது எனக்குப் பொறுக்கவில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2023 சட்டம், சில விலக்குகளோடு, 2027 பிப்ரவரி 18 முதல் பயன்படுத்துபவரே மாற்றும்படி பேட்டரி இருக்க வேண்டும் என்கிறது. இங்கே ஏன் அப்படிக் கேட்கக்கூடாது?

வாசகிக்கு: மூடியை அழுத்தி மூடப் பார்க்காதீர்கள், உள்ளே இருப்பது எளிதில் தீப்பற்றும் வாயு. சார்ஜ் போடுவதையும் நிறுத்துங்கள். கழற்றிய பேட்டரியை வீட்டுக் குப்பையோடு சேர்க்கக்கூடாது என்று 2022-ல் வந்த பேட்டரிக் கழிவு விதிகள் சொல்கின்றன. திரும்பப் பெறும் பொறுப்பு தயாரிப்பாளருடையது. சர்வீஸ் சென்டரில் அதைக் கேட்டுக் கொடுங்கள்.