உங்களுக்குத் தெரியுமா? பாதி இன்சுலின் கல்லீரலோடு சரி!

கணையம் சுரக்கும் இன்சுலினில் ஏறக்குறைய பாதி, உடலின் மற்ற பாகங்களை எட்டிப் பார்ப்பதே இல்லை. முதல் சுற்றிலேயே கல்லீரல் அதை எடுத்துக்கொள்கிறது.

• கணையத்து ரத்தம் நேராக இதயத்துக்குப் போவதில்லை. போர்ட்டல் சிரை வழியே கல்லீரலைத் தாண்டித்தான் போக வேண்டும். சுங்கச்சாவடி மாதிரி!

• கல்லீரல் செல்லின் மேலுள்ள ஏற்பியில் இன்சுலின் ஒட்டுகிறது. ‘குளுக்கோஸைச் சேமி, புதிதாகத் தயாரிக்காதே’ என்ற உத்தரவு உள்ளே போகிறது. பிறகு செல் அந்த இன்சுலினையே உள்ளிழுத்துச் சிதைத்துவிடுகிறது. ஏற்பி பெரும்பாலும் மறுபடி மேலே வந்துவிடும்.

• இன்சுலினோடு சம அளவில் வெளிவரும் சி-பெப்டைடைக் கல்லீரல் அவ்வளவாகத் தொடுவதில்லை. கணையம் எவ்வளவு சுரக்கிறது என்றறிய டாக்டர்கள் அதை அளப்பது இதனால்தான்.

• தோலுக்கடியில் போடும் இன்சுலின் ஊசிக்கு, முதலில் கல்லீரலுக்குப் போகும் இந்தப் போர்ட்டல் வழி கிடையாது.