வளரிளம் பெண் விளையாட்டாளர்க்கான ஊட்டச்சத்துக் கல்வி: அதீனா திட்டத்தை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

போட்டி விளையாட்டில் ஈடுபடும் வளரிளம் பெண்கள் உணவைக் குறைத்துக்கொள்வதால் மாதவிடாய்க்கும் எலும்புக்கும் நேரும் கேடு எளிதில் வெளித்தெரிவதில்லை. இத்தகைய உணவுப் பழக்கங்களைத் தடுக்க அமெரிக்காவில் வகுக்கப்பட்ட அதீனா என்னும் கல்வித் திட்டத்தின் அமைப்பையும் விளைவையும் இக்கட்டுரை விளக்குகிறது. தனித்து வழங்கப்படும் அறிவுரையைவிட அணி, தோழியர், பயிற்சியாளர் ஆகிய உறவுகளே இக்கல்விக்கு ஏற்ற வழி என்பதை அது நிறுவ முயல்கிறது.

திறவுச்சொற்கள்: வளரிளம் பருவம், பெண் விளையாட்டாளர், ஆற்றல் இருப்பு, மாதவிடாய், அதீனா திட்டம்

முன்னுரை

எடை குறைந்தால் வேகம் கூடும் என்னும் நம்பிக்கை விளையாட்டுக் களத்தில் வேரூன்றியது. உணவைக் குறைக்கும் மாணவி தொடக்கத்தில் சிறிது முன்னேறவும் கூடும்; பாராட்டும் பெறுவாள். சில மாதங்களில் மாதவிடாய் நின்றால், அது கடும் பயிற்சியின் இயல்பான விளைவு என்று கருதப்படுகிறது. கேடு வெற்றியின் தோற்றத்தில் வருவதே இச்சிக்கலின் தனித்தன்மை. உணவுக் குறைபாடு, மாதவிடாய்க் கோளாறு, எலும்பு நலிவு ஆகிய மூன்றும் ஒன்றோடொன்று தொடர்புடையவை என்பதை அமெரிக்க விளையாட்டு மருத்துவக் கல்லூரி 1992இல் கூட்டிய வல்லுநர் குழு எடுத்துரைத்தது. பன்னாட்டு ஒலிம்பிக் குழு 2014இல் இக்கருத்தை விரிவாக்கி, ஆற்றல் பற்றாக்குறை உடலின் பல மண்டலங்களையும் பாதிக்கிறது என்றது.

ஆற்றல் இருப்பும் உடலியக்கமும்

உண்ணும் ஆற்றலிலிருந்து பயிற்சிக்குச் செலவான ஆற்றலைக் கழித்து, எஞ்சியதைக் கொழுப்பு நீங்கிய உடல் எடையால் வகுத்தால் கிடைப்பது ஆற்றல் இருப்பு. கொழுப்பு நீங்கிய எடை 40 கிலோவாக உள்ள ஒரு மாணவி நாளொன்றுக்கு 1800 கிலோகலோரி உண்டு, பயிற்சியில் 600 கிலோகலோரி செலவிட்டால், கிலோ ஒன்றுக்கு எஞ்சுவது 30 கிலோகலோரியே. போதுமான அளவாகக் கருதப்படுவது ஏறத்தாழ 45. 30க்குக் கீழே செல்லும்போது இடர் மிகும். இவ்வளவு இளம்பெண்களிடையே நிகழ்த்திய சோதனைகளிலிருந்து பெறப்பட்டது. ஆளுக்கு ஆள் சற்று மாறுபடும். அம்மாணவி பட்டினி கிடப்பவள் அல்லள். மூன்று வேளையும் உண்பவளாகவே இருக்கலாம் என்பது கருதத்தக்கது.

பற்றாக்குறை நீடிக்கும்போது மூளையின் ஹைப்போதலாமஸ் பகுதி இனப்பெருக்கச் சுரப்புகளுக்கான தூண்டலைக் குறைக்கிறது. ஈஸ்ட்ரோஜன் குறைய, மாதவிடாய் நிற்கிறது. எலும்பின் சிதைவு அதன் ஆக்கத்தை விஞ்சுகிறது. எலும்பின் உச்ச அடர்த்தியில் பெரும்பகுதி 18 வயதிற்குள் சேர்ந்துவிடுவதால், அவ்வயதில் இழந்ததைப் பின்னாளில் முழுமையாக ஈடுசெய்வது அரிது.

அதீனா திட்டத்தின் அமைப்பு

ஒரேகான் உடல்நல, அறிவியல் பல்கலைக்கழக ஆய்வாளர்களான டயான் எலியட், லின் கோல்ட்பெர்க் முதலியோர் இத்திட்டத்தை வகுத்தனர். மாணவர்களுக்காக அவர்கள் முன்னரே உருவாக்கிய அட்லஸ் திட்டம் ஊக்கமருந்துப் பயன்பாட்டைத் தடுக்க முனைந்தது. மாணவியரிடம் சிக்கல் வேறு என்பதால், எடை குறைப்பு மாத்திரை, முறையற்ற உணவுப் பழக்கம், ஊடகங்கள் காட்டும் பெண்ணுடல், மனச்சோர்வு ஆகியவை பாடப்பொருளாயின.

45 நிமிட அமர்வுகள் எட்டு, வாரம் ஒன்றாக, அணியின் வழக்கமான பயிற்சி நேரத்திலேயே நடைபெற்றன. அணியைச் சேர்ந்த மாணவியரே சிறு குழுக்களை வழிநடத்தினர்; பயிற்சியாளர் துணைநின்றார். ‘இதை உண்ணாதே’ என்று தடுப்பதைவிட, உணவு ஆட்டத்திறனை எவ்வாறு கூட்டுகிறது என்று காட்டுவதே அணுகுமுறை.

விளைவும் வரையறையும்

2004இல் வெளியான ஆய்வில் 18 உயர்நிலைப் பள்ளிகளின் 40 அணிகளைச் சேர்ந்த 928 மாணவியர் இடம்பெற்றனர். சராசரி வயது 15.4. திட்டத்தில் பங்கேற்றோரிடம் எடை குறைப்பு மாத்திரைப் பயன்பாடு ஒப்பீட்டுக் குழுவினரைவிடக் குறைந்திருந்தது. ஊக்கமருந்துகளைப் புதிதாகத் தொடங்குவதும் குறைந்தது. வாந்தியெடுத்து எடையைக் குறைக்கும் எண்ணமும் தணிந்தது. தோழியர் பலரும் இவற்றைப் பயன்படுத்துகின்றனர் என்னும் மிகைக் கணிப்பும், விளம்பரங்கள் மீதான நம்பிக்கையும் குறைந்தமை குறிப்பிடத்தக்கது. பழக்கத்தைத் தாங்கி நிற்கும் நம்பிக்கை அசைந்த இடத்தில் பழக்கமும் அசைந்தது. எனினும் இம்முடிவுகள் மாணவியர் தாமே அளித்த விடைகளைச் சார்ந்தவை. எலும்பின் அடர்த்தி கூடியது என்பதற்கு இவை சான்றாகா.

இந்தியச் சூழலுக்கான பொருத்தம்

ஐந்தாம் தேசியக் குடும்பநல ஆய்வின்படி (2019-21) இந்தியாவில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் 59.1 விழுக்காட்டினர் இரத்தசோகை உடையவர்கள். ஆகவே இங்குத் தொடக்கப் புள்ளி எடை குறைப்பு மாத்திரையாக இராது. இரும்புச்சத்தும் போதிய உணவுமாகவே இருக்கும். இரத்தத்தில் ஹீமோகுளோபின் குறைந்தால் தசைக்குச் செல்லும் ஆக்சிஜன் குறைந்து தாங்குதிறன் தளரும். வசதியற்ற குடும்பத்து மாணவிக்குத் தட்டில் இருப்பதே குறைவு; அவளுக்கு அறிவுரை மட்டும் பயன்தராது. எனவே அதீனாவின் பாடப்பொருளை அப்படியே பெயர்ப்பது பொருந்தாது. அதன் வடிவமே கொள்ளத்தக்கது. ஆண் பயிற்சியாளரிடம் மாதவிடாய் பற்றிப் பேசத் தயங்கும் மாணவி, அணியின் மூத்த தோழியிடம் பேசுவாள்.

முடிவுரை

ஊட்டச்சத்துக் கல்வி தகவல் குறைவை நிரப்பும் பணி மட்டுமன்று. களத்தில் எது பாராட்டப்படுகிறது என்பதை மாற்றும் பணியுமாகும். மாதவிடாய் நிற்றலைப் பயிற்சியின் அடையாளமாகக் கொள்ளாது எச்சரிக்கையாகக் கொள்ளும் பயிற்சியாளரும், அதனைத் தயக்கமின்றிச் சொல்லும் மாணவியும் இருக்கும் அணியில்தான் இக்கல்வி பயன் தரும். உடற்கல்வியியல் பாடத்திட்டங்கள் பயிற்சியாளரை இதற்கு ஆயத்தப்படுத்துவது முதல் தேவையாகும்.