பழைய விளையாட்டுச் சாமான்கள்: விற்பதா, வைத்திருப்பதா?

கடந்த நோன்புப் பெருநாளைக்கு வீட்டைச் சுத்தம் செய்தபோது அலுமாரியின் மேல் தட்டிலிருந்து பழைய பிஸ்கட் டின் ஒன்று கீழே இறங்கியது. திறந்து பார்த்தால் பதினான்கு சின்னக் கார்கள். எல்லாம் 'மெட்ச்பொக்ஸ்' கார்கள். கப்பலில் வேலை செய்த எங்கள் மாமா 1970களில் நானாவுக்கும் எனக்கும் கொண்டுவந்து தந்தவை. 1970 முதல் 1977 வரை நாட்டில் இறக்குமதிக்குக் கடும் கட்டுப்பாடு இருந்தது வாசகர்களில் மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். வெளிநாட்டு விளையாட்டுச் சாமானைக் கடையில் காண்பதே அரிது. எங்கள் தெருப் பிள்ளைகளுக்கு அந்த டின் ஒரு புதையல்.

டின்னைக் கண்ட மகன் கைத்தொலைபேசியில் தேடிப் பார்த்துவிட்டு, "வாப்பா, இதில் ஒன்றை ஒருவர் ஐந்நூறு பவுணுக்குப் போட்டிருக்கிறார். எல்லாவற்றையும் விற்றால் கடைக்கு நல்ல சரக்கு எடுக்கலாமே" என்றான். நானாவுக்குத் தொலைபேசியில் சொன்னேன். "மாமா தந்ததை விற்கிறதா? உனக்கு அவ்வளவு கஷ்டமா?" என்று அவர் கோபித்துக்கொண்டார்.

இரண்டு பேருமே ஒரு கணக்கைத் தவறவிட்டார்கள் என்பது எனக்குப் பிறகுதான் விளங்கியது. அந்தக் கணக்கைத்தான் இந்த வாரம் சொல்ல விரும்புகிறேன். பலருடைய வீடுகளிலும் இப்படி ஒரு டின் இருக்கக் கூடும்.

விலை எங்கிருந்து வந்தது?

மெட்ச்பொக்ஸ் கார்களைச் செய்தது லண்டனில் 1947இல் தொடங்கப்பட்ட லெஸ்னி என்ற கொம்பனி. 1953இல் எலிசபெத் மகாராணியின் முடிசூட்டு விழாவையொட்டி அவர்கள் செய்த சிறிய குதிரை வண்டி பத்து இலட்சத்துக்கு மேல் விற்றது. அந்தக் கொம்பனியின் பங்காளிகளில் ஒருவரான ஜெக் ஒடெல், நெருப்புப் பெட்டிக்குள் அடங்கும் சாமானை மட்டுமே பாடசாலைக்குக் கொண்டுபோகலாம் என்று தன் மகளுக்கு இருந்த சட்டத்துக்காக, ஒரு சின்ன வீதி உருளை இயந்திரத்தைச் செய்து கொடுத்தார். அதிலிருந்துதான் இந்தக் கார்களும் அந்தப் பெயரும் வந்தன.

1968இல் அமெரிக்காவின் மட்டேல் கொம்பனி வேகமாக ஓடும் 'ஹொட் வீல்ஸ்' கார்களைச் சந்தைக்கு விட்டது. லெஸ்னியும் 1969இல் தன் கார்களின் சக்கரத்தை மாற்ற வேண்டி வந்தது. 1982இல் லெஸ்னி வங்குரோத்தானது. ஹொங்கொங் கொம்பனி ஒன்று அதை வாங்கி, உற்பத்தியை மக்காவோவுக்குக் கொண்டுபோனது. 1997இல் மெட்ச்பொக்ஸ் பெயரே மட்டேலின் கைக்குப் போய்விட்டது. அதனால் காரின் அடியில் 'லெஸ்னி, இங்கிலாந்தில் செய்தது' என்று பொறித்திருந்தால் அது இனிமேல் வராத சரக்கு.

ஆனால் வராத சரக்கெல்லாம் அரிய சரக்கல்ல. லெஸ்னி கோடிக்கணக்கில் செய்தது. 1972இல் வந்த 'லண்டனர்' என்ற சிவப்பு இரட்டைத்தட்டு பஸ்ஸை எடுத்துக்கொள்வோம். அதன் பக்கத்தில் ஒட்டியிருக்கும் விளம்பரம் பலவகை. 'பேர்ஜர் பெயின்ட்ஸ்' விளம்பரம் உள்ளது எங்கும் கிடைக்கும். குறைந்த எண்ணிக்கையில் வேறு விளம்பரத்தோடு வந்தவைக்கே சேகரிப்பவர்கள் கூடுதலாகக் கொடுக்கிறார்கள். பஸ் ஒன்றுதான், ஒட்டுத்தாளில்தான் விலை.

கேட்கும் விலையும் விற்ற விலையும்

மகன் கண்ட ஐந்நூறு பவுண் என்பது ஒருவர் கேட்கும் விலை. அந்த விலைக்கு அது விற்றதா என்பதே கேள்வி. நம் கடையில் ஒரு சாமானுக்கு ஐயாயிரம் என்று சீட்டு ஒட்டி இரண்டு வருடம் வைத்திருந்தால் அதன் பெறுமதி ஐயாயிரம் ஆகிவிடுமா? ஈபே போன்ற தளங்களில் விற்று முடிந்தவற்றை மட்டும் பிரித்துப் பார்க்க வசதி இருக்கிறது. அதைப் பார்த்தபோது அதே காரின் பெட்டியில்லாத, கீறல் விழுந்த பிரதிகள் சில பவுண்களுக்கே போயிருந்தன. மகனின் முகம் சுருங்கிவிட்டது.

சேகரிப்பவர் எதற்குக் காசு கொடுக்கிறார்? முதலாவது, தேய்வில்லாத பெயின்ட். இரண்டாவது, கழன்று போகாத கதவு, சக்கரம், கண்ணாடி. மூன்றாவது, அந்தக் காலத்துக் காட்போட் பெட்டி. பெட்டியோடு புதிதுபோல் இருக்கும் கார், பெட்டியில்லாததைவிடப் பல மடங்கு விலைபோகும். நான்காவது, அரிதான நிறம் அல்லது சக்கரம். பழைய காருக்குப் புதுப் பெயின்ட் அடித்தால் மதிப்புக் கூடும் என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். உண்மை நேர்மாறானது. பெயின்ட் அடித்த அன்றே அதன் விலை விழுந்துவிடும்.

வைத்திருந்தால் ஏறுமா?

"இப்போது விற்காதே, பத்து வருடத்தில் இன்னும் ஏறும்" என்று சொல்பவர்கள் உண்டு. அமெரிக்காவில் 1993இல் 'பீனி பேபீஸ்' என்ற சிறு துணிப் பொம்மைகள் வந்தன. கடையில் ஏறத்தாழ ஐந்து டொலர். கொம்பனி சில பொம்மைகளை நிறுத்தி நிறுத்தி விட, மக்கள் அவற்றை முதலீடாக வாங்கிக் குவித்தார்கள். 1999இல் லாஸ் வேகாஸில் விவாகரத்தான ஒரு கணவனும் மனைவியும் நீதிமன்றத் தரையில் அந்தப் பொம்மைகளைப் பரப்பி ஒவ்வொன்றாகப் பங்கு போட்டார்கள். அதன்பின் விலை சரிந்தது. எல்லோரும் பத்திரமாக வைத்திருந்தார்கள், அதனால் அரிதாக எதுவும் மிஞ்சவில்லை.

மறுபக்கமும் உண்டு. மொஸ்கோவிலுள்ள ஒரு பல்கலைக்கழக ஆய்வாளர்கள், 1987 முதல் 2015 வரையான, உற்பத்தி நிறுத்தப்பட்ட 'லெகோ' பெட்டிகளை ஆராய்ந்து, அவை சராசரியாக ஆண்டுக்கு 11 வீதம் விலை ஏறியதாகக் கண்டார்கள். ஆனால் அவை திறக்கப்படாத பெட்டிகள். பிள்ளை விளையாடிய பெட்டிக்கு அந்தக் கணக்குப் பொருந்தாது. அத்தோடு 11 வீதம் என்பது சராசரி. சில பெட்டிகள் நட்டத்திலும் போயின.

நம் நாட்டில் இன்னொரு மயக்கமும் இருக்கிறது. 2022இன் தொடக்கத்தில் 200 ரூபாவளவில் இருந்த டொலர் சில மாதங்களில் 360 ரூபாவை எட்டியது. வெளிநாட்டில் விற்கும் பழைய சாமான்களின் ரூபா விலையும் அதோடு ஏறியது. பலர் அதைச் சாமானின் இலாபம் என்று நினைத்தார்கள். ஏறியது சாமான் அல்ல, இறங்கியது நமது ரூபா.

இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். இவற்றை வாங்குபவர்களில் அநேகர், சின்ன வயதில் அதற்கு ஆசைப்பட்டு, இன்று கையில் காசு உள்ள ஐம்பது, அறுபது வயதுக்காரர்கள். அவர்களுக்குப் பின் வருகிறவர்களுக்கு அந்தக் காரோடு எந்த நினைவும் இல்லை. வாங்குபவர் வயதாகி ஒதுங்கினால் சரக்குத் தேங்கும்.

வைத்திருப்பதற்கும் செலவு உண்டு

நம் நாட்டு ஈரக் காற்றில் காட்போட் பெட்டி பூஞ்சணம் பிடிக்கும், பூச்சி அரிக்கும், காரின் இரும்பு அச்சு துருப்பிடிக்கும். 1930களில் செய்த டிங்கி கார்கள் சிலவற்றில் நாகக் கலவையில் ஈயம் கலந்திருந்ததால், யாரும் தொடாமலே அவை வெடித்து உதிர்கின்றன. துடைப்பதாக நினைத்துத் தேங்காய் எண்ணெய் பூசுவதும், வெயில் படும் கண்ணாடி அலுமாரியில் அடுக்குவதும் கூடாது. உலர்ந்த, இருட்டான இடத்தில், ஒவ்வொன்றையும் அமிலமில்லாத தாளில் சுற்றி வைப்பதே நல்லது. இதையெல்லாம் செய்ய மனமில்லாதவர் முதலீடு என்று சொல்லி வைத்திருப்பதில் பொருளில்லை.

இரண்டு குவியல்

அப்படியானால் எப்படித் தீர்மானிப்பது? வியாபாரிக்குத் தெரிந்த ஒரு கேள்வி இருக்கிறது. இந்தச் சாமான் இப்போது என்னிடம் இல்லை, அதன் விலை காசாகக் கையில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அந்தக் காசைக் கொடுத்து இதை வாங்குவேனா? வாங்கமாட்டேன் என்றால் அதை விற்பதுதான் சரி. எவ்வளவு விலை சொன்னாலும் கொடுக்க மனம் வராது என்றால், அது சரக்கே அல்ல. அதைக் கணக்குப் புத்தகத்திலிருந்து எடுத்துவிட வேண்டும். பிறகு அதன் விலையைத் தேடிப் பார்த்துக்கொண்டிருக்கவும் கூடாது.

இந்தக் கேள்வியோடு நானாவை வீட்டுக்கு அழைத்தேன். பதினான்கு கார்களையும் மேசையில் பரப்பி ஒவ்வொன்றாகக் கேட்டோம். அப்போதுதான் ஒரு விசயம் கண்ணில் பட்டது. சந்தையில் விலைபோகக் கூடியவை, பெட்டியோடு புதிதாக இருந்த நான்கு கார்கள். அவை ஏன் புதிதாக இருந்தன? நாங்கள் அவற்றோடு விளையாடவில்லை. எங்களுக்குப் பிடிக்கவில்லை, அல்லது உம்மா எடுத்து ஒளித்து வைத்திருந்தார். அவற்றைப் பற்றிச் சொல்ல எங்கள் இருவருக்கும் ஒரு கதைகூட இல்லை.

மாறாக, லண்டனர் பஸ்ஸுக்கு ஒரு சக்கரம் இல்லை, விளம்பரம் கிழிந்துவிட்டது. சந்தையில் அதற்கு ஒன்றுமே கிடைக்காது. ஆனால் அந்தக் காலத்தில் போக்குவரத்துச் சபை, லண்டனில் ஓடிய பழைய இரட்டைத்தட்டு பஸ்களை வாங்கிக் கொழும்பில் ஓட்டியது. வாப்பாவோடு அதில் மேல்தட்டில் போய்வந்த பிறகு, வீட்டுப் படிக்கட்டில் நானா சாரதியாகவும் நான் கொண்டக்டராகவும் ஓட்டிய பஸ் அது. சக்கரம் கழன்றதற்கு யார் காரணம் என்று இன்றுவரை எங்களுக்குள் தீர்ப்பில்லை.

விளையாட்டுத்தான் சாமானின் விலையைத் தேய்க்கிறது, அதே விளையாட்டுத்தான் நினைவையும் உண்டாக்குகிறது. எனவே விலையுள்ளதும் நினைவுள்ளதும் பெரும்பாலும் ஒரே சாமானாக இருப்பதில்லை. மொத்த டின்னாகப் பார்ப்பதால்தான் சண்டை வருகிறது. ஒவ்வொன்றாகப் பிரித்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

விற்பதாக முடிவெடுத்தால்

என் நண்பர், ஒரு துணி வியாபாரி, 2022இல் காசோலை திரும்பும் நெருக்கடியில், வீட்டுக்கு வந்த ஒருவருக்குத் தன் பிள்ளைப் பருவச் சாமான்களை ஒரே விலை பேசிக் கொடுத்தார். அதில் பெட்டியோடிருந்த ஒரு கார் மட்டும் அந்தத் தொகையைவிடக் கூடுதலாகப் போகும் என்று பின்னர்தான் அறிந்தார். கொடுத்தவற்றில் தன் வாப்பா வாங்கித் தந்த முதல் காரும் இருந்தது என்பதுதான் அவருக்குப் பெரிய கவலை. நெருக்கடியில், பிரிக்காமல், மொத்தமாக விற்கக் கூடாது என்பது கடைச் சரக்குக்கு மட்டுமான சட்டமல்ல.

ஒவ்வொன்றின் அடியிலுள்ள எழுத்து, எண், நிறம், சக்கரம் ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். குறைகளையும் சேர்த்துப் படமெடுங்கள். குறையை மறைத்து விற்றால் சாமான் திரும்பி வரும், பெயரும் கெடும். வெளிநாட்டுக்கு அனுப்புவதானால் தபால், காப்புறுதி, தளத்தின் கழிவு எல்லாவற்றையும் முதலில் கணக்கிடுங்கள். பணம் எந்த வழியில் வரும் என்பதையும் வங்கியில் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். ஒரு பவுண் சாமானுக்கு ஐந்து பவுண் தபால் என்றால் அதை அனுப்புவது வீண் வேலை. கூடப்பிறந்தவர்கள் இருந்தால் அவர்களைக் கேட்காமல் விற்கவே வேண்டாம். சின்னக் காருக்காகப் பெரிய உறவை இழந்தவர்களை நான் கண்டிருக்கிறேன்.

நாங்கள் பெட்டியோடிருந்த நான்கையும் ஒவ்வொன்றாக விற்றோம். மகன் எதிர்பார்த்த தொகை வரவில்லை. வந்ததை நானாவும் நானும் சமமாகப் பிரித்துக்கொண்டோம். ஒன்பது கார்களைப் பேரப்பிள்ளைகளின் கையில் கொடுத்துவிட்டோம். அவர்கள் விளையாடி இன்னும் தேய்க்கட்டும்.

சக்கரமில்லாத பஸ்ஸை நானா தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போனார். நான் அதன் விலையைக் கேட்கவில்லை.