தை பிறந்ததும் செல்ஃப் எடுக்காத டிராக்டர்

பெரம்பலூர் மாவட்டத்தில் குன்னம், வேப்பூர், ஆலத்தூர் பக்கமெல்லாம் மானாவாரி மக்காச்சோளமும் பருத்தியும்தான் அதிகம். ஆவணி, புரட்டாசியில் உழவும் விதைப்பும் முடிந்துவிட்டால், ஐப்பசி மழைக்குப் பிறகு கரிசல் நிலத்தில் டிராக்டர் இறங்காது. தார்ப்பாய் போட்டு மூடிக் கொட்டகையில் நிறுத்திவிடுவார்கள். மறுபடி அதன் நினைவு வருவது தையில், கதிர் முறித்துக் களத்தில் கொட்டி, சோளம் அடிக்கும் மிஷினை மாட்டும்போதுதான்.

அன்றைக்குப் பார்த்துத்தான் சாவியைத் திருகினால் 'டக், டக்' என்ற சத்தத்தோடு நின்றுவிடும். களத்தில் கூலியாட்கள் காத்திருப்பார்கள். வியாபாரி மாலையில் வண்டியோடு வருவதாகச் சொல்லியிருப்பார். மேற்கே மேகம் கூடியிருந்தால் சொல்லவே வேண்டாம். ஒரு நாள் கூலியும் ஒரு நாள் வேலையும் போய்விடும். இதற்குக் காரணம் பெரும்பாலும் மூன்று மாதம் கவனிக்காமல் விட்ட பேட்டரிதான்.

முதலில் செய்யக் கூடாதது

இந்த அவசரத்தில் யாராவது ஒருவர், "ஸ்க்ரூடிரைவரை வைத்து செல்ஃப் மோட்டாரை ஷார்ட் பண்ணுப்பா" என்பார். தயவுசெய்து அதை மட்டும் செய்யாதீர்கள். கிளட்ச்சை மிதித்தால் அல்லது கியர் நியூட்ரலில் இருந்தால்தான் ஸ்டார்ட் ஆகும்படி பல டிராக்டர்களில் பாதுகாப்பு சுவிட்ச் வைத்திருக்கிறார்கள். ஷார்ட் செய்யும்போது அந்தப் பாதுகாப்பு இல்லாமல் போய்விடுகிறது. வண்டி கியரில் இருந்தால், இன்ஜின் எடுத்த அதே நொடியில் முன்னால் பாயும். ஷார்ட் செய்பவர் நிற்கும் இடமோ பின் சக்கரத்துக்கு நேர் முன்னால். விலகிக்கொள்ள நேரம் இருக்காது. பல நாடுகளில் இப்படி உயிர் போயிருக்கிறது. ஸ்டார்ட் செய்வதானால் சீட்டில் உட்கார்ந்து, கியர் நியூட்ரலில், பிடிஓ நீக்கிய நிலையில், ஹேண்ட் பிரேக் போட்டுத்தான் செய்ய வேண்டும்.

சும்மா நின்றாலும் ஏன் இறங்குகிறது?

டிராக்டரில் இருப்பது 12 வோல்ட் லெட்-ஆசிட் பேட்டரி. பிரான்சில் 1859-இல் காஸ்டன் பிளான்டே கண்டுபிடித்த அதே அடிப்படைதான். உள்ளே 6 செல்கள், ஒவ்வொன்றும் ஏறக்குறைய 2.1 வோல்ட். ஒரு ஒயரும் மாட்டாமல் வைத்திருந்தாலும் பேட்டரி தானாகவே கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். வெப்பம் கூடக் கூட இது வேகமாக நடக்கும். இதோடு நாம் மாட்டிய எஃப்.எம். ரேடியோ, மொபைல் சார்ஜர், அணைக்க மறந்த பார்க்கிங் லைட், எலி கடித்த ஒயர் எல்லாம் சேர்ந்துகொள்ளும்.

இறங்கிய பேட்டரியை அப்படியே விட்டுவைப்பதுதான் பெரிய கெடுதல். தகடுகளில் ஈய சல்பேட் படிந்து, நாளாக ஆக இறுகிவிடும். அதன்பின் எவ்வளவு சார்ஜ் போட்டாலும் பழைய சக்தி வராது. குளிர் நாடுகளில் பனிக்காலம் பேட்டரிக்கு எதிரி. நம் ஊரில் சித்திரை, வைகாசி வெயில்தான் பேட்டரியின் ஆயுளைக் குறைக்கிறது. அந்தப் பலவீனம் மழையில் சும்மா நிற்கும்போது வெளியே தெரிகிறது.

பேட்டரிதானா என்று பார்ப்பது

ஹெட்லைட்டைப் போட்டுவிட்டு சாவியைத் திருகுங்கள். வெளிச்சம் நன்றாக மங்கினால் பேட்டரி இறங்கியிருக்கிறது. திருகியவுடன் முழுவதும் அணைந்துபோனால் டெர்மினல் தளர்ந்திருக்கலாம், உப்புப் பூத்திருக்கலாம். வெளிச்சம் மங்காமல், சத்தமும் வராமல் இருந்தால் பாதுகாப்பு சுவிட்ச், ஒயர், ஸ்டார்ட்டர் மோட்டார் ஆகியவற்றை மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.

ஒரு மல்டிமீட்டர் வீட்டில் இருப்பது நல்லது. சில மணி நேரம் ஓடாமல் நின்ற பேட்டரியில் அளந்தால் தோராயமாக இப்படிக் காட்டும்:

12.6 வோல்ட், அதற்கு மேல்: முழு சார்ஜ்
12.4 வோல்ட்: முக்கால் பங்கு
12.2 வோல்ட்: பாதி
12.0 வோல்ட்: கால் பங்கு
11.8 வோல்ட், அதற்குக் கீழ்: இறங்கிவிட்டது

12.4-க்குக் கீழே வந்தாலே சார்ஜ் போட்டுவிட வேண்டும்.

டெர்மினலும் தண்ணீரும்

கையில் காப்பு, மோதிரம் இருந்தால் கழற்றிவிட்டு வேலையைத் தொடங்குங்கள். கழற்றும்போது முதலில் நெகட்டிவ், மாட்டும்போது கடைசியில் நெகட்டிவ். பாசிட்டிவை முதலில் கழற்றினால், ஸ்பானர் வண்டியின் உடலில் பட்டு ஷார்ட் ஆகி நெருப்புப் பொறி பறக்கும்.

வெள்ளையாக, பச்சையாகப் பூத்திருக்கும் உப்பின் மேல் ஆப்ப சோடா கரைத்த தண்ணீரை ஊற்றிப் பழைய பிரஷ்ஷால் தேயுங்கள். செல் மூடிகள் இறுக்கமாக இருக்க வேண்டும், சோடா தண்ணீர் உள்ளே போகக் கூடாது. காய்ந்தபின் இறுக்கி மாட்டி, மேலே வாசலின் தடவுங்கள். பல நேரம் இதுவே போதும், வண்டி எடுத்துவிடும்.

மூடி திறக்கும் வகையானால் தண்ணீர் மட்டத்தைப் பாருங்கள். ஊற்ற வேண்டியது டிஸ்டில்டு வாட்டர் மட்டும். பெரம்பலூர், அரியலூர் போர்வெல் தண்ணீரில் உப்பும் சுண்ணாம்பும் எவ்வளவு என்று கொதிக்கவைத்த பாத்திரத்தின் அடியைப் பார்த்தாலே தெரியும். அது தகட்டைக் கெடுத்துவிடும். ஆசிட்டும் ஊற்றக் கூடாது. ஆவியாகிக் குறைவது தண்ணீர்தான், ஆசிட் அல்ல. இறங்கிய பேட்டரியில் தகடு மூழ்கும் அளவுக்கு மட்டும் ஊற்றிவிட்டு, சார்ஜ் முடிந்தபின் குறியீடு வரை நிரப்புங்கள். முதலிலேயே நிரப்பினால் சார்ஜ் ஏறும்போது பொங்கி வழியும்.

சார்ஜ் போடுவது

ஆம்பியர்-அவர் அளவில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் போகாமல் மெதுவாக ஏற்றுவதே நல்லது. 88 ஏஹெச் பேட்டரிக்கு 8 ஆம்பியர் அளவு போதும். முழுவதும் இறங்கியதற்கு 10, 12 மணி நேரம் பிடிக்கும். அவசரமாக ஏற்றினால் பேட்டரி சூடாகி ஆயுள் குறையும்.

சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வாயு வரும். காற்றில் 4 சதவீதம் சேர்ந்தாலே ஒரு பொறி போதும், பேட்டரி வெடித்து ஆசிட் முகத்தில் தெறிக்கும். எனவே காற்றோட்டமான இடத்தில், குழந்தைகள் இல்லாத இடத்தில் சார்ஜ் போடுங்கள். பக்கத்தில் பீடி, தீக்குச்சி கூடாது. தண்ணீர் மட்டம் பார்க்கத் தீக்குச்சி கிழித்துக் கண்ணை இழந்தவர்கள் உண்டு. ஆசிட் கண்ணில் பட்டால் 15 நிமிடமாவது நல்ல தண்ணீரால் விடாமல் கழுவிக்கொண்டு, உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

ஜம்பர் ஒயர் போடுவதானால்

பக்கத்துக் காட்டு டிராக்டரிலிருந்து எடுக்கலாம். இரண்டு வண்டியும் ஒன்றோடொன்று முட்டக் கூடாது, இரண்டும் நியூட்ரலில் இருக்க வேண்டும்.

1. சிவப்பு ஒயரின் ஒரு முனை இறங்கிய பேட்டரியின் பாசிட்டிவில்.
2. மறுமுனை நல்ல பேட்டரியின் பாசிட்டிவில்.
3. கறுப்பு ஒயரின் ஒரு முனை நல்ல பேட்டரியின் நெகட்டிவில்.
4. மறுமுனை இறங்கிய வண்டியின் இன்ஜின் இரும்பில், பேட்டரியை விட்டுத் தள்ளி.

நல்ல வண்டியை ஐந்து நிமிடம் ஓடவிட்டுப் பிறகு ஸ்டார்ட் செய்யுங்கள். ஒரு முறைக்கு 10 நொடிக்கு மேல் திருகாமல், ஒரு நிமிடம் இடைவெளி விடுங்கள். எடுத்தபின் ஒயர்களை அதே வரிசையைத் தலைகீழாக்கிக் கழற்றுங்கள்.

அரியலூர் பக்கத்தில் ஒரு கூடுதல் எச்சரிக்கை. சுண்ணாம்புக்கல், சிமெண்ட் ஏற்றும் லாரிகள் சாலை முழுக்க ஓடுகின்றன. டிரைவரும் உதவத் தயாராக இருப்பார். ஆனால் கனரக லாரிகளில் இருப்பது 24 வோல்ட். அதிலிருந்து டிராக்டருக்கு எடுத்தால் ஆல்டர்னேட்டர், மீட்டர், பல்ப் எல்லாம் கருகும், பேட்டரியே வெடிக்கவும் கூடும்.

அடுத்த மழைக்கு முன்

புரட்டாசி விதைப்பு முடிந்து வண்டியை நிறுத்தும்போது அரை மணி நேர வேலைதான்:

• பேட்டரியை முழு சார்ஜ் செய்து, துடைத்து வையுங்கள்.
• 15 நாளுக்கு மேல் நிறுத்துவதானால் நெகட்டிவ் ஒயரைக் கழற்றிவிடுங்கள்.
• மாதம் ஒரு முறை வோல்ட் அளந்து, குறைந்திருந்தால் சார்ஜ் போடுங்கள்.
• மக்காச்சோளம், தவிடு மூட்டைகளை டிராக்டருக்குப் பக்கத்தில் அடுக்காதீர்கள். எலி அங்கிருந்துதான் ஒயருக்கு வரும்.

ஜெயங்கொண்டம், ஆண்டிமடம் முந்திரிக்காட்டு விவசாயிகளுக்கும் திருமானூர் பக்கத்து நெல் விவசாயிகளுக்கும் வண்டி நிற்கும் மாதம் வேறாக இருக்கலாம். முறை ஒன்றுதான்.

வாசகர் கேள்விகள்

*வாரம் ஒரு முறை பத்து நிமிடம் ஓடவிட்டால் போதாதா?*
போதாது. ஸ்டார்ட் செய்யச் செலவான கரண்ட், ஐடிலில் பத்து நிமிடத்தில் முழுதாகத் திரும்பாது. ஓடவிடுவதானால் நடுத்தர ஆக்சிலேட்டரில் முக்கால் மணி நேரமாவது ஓட வேண்டும். அப்போது மீட்டரில் சுமார் 13.8 முதல் 14.4 வோல்ட் காட்டினால் ஆல்டர்னேட்டர் சரியாக இருக்கிறது. 13 கூட வராவிட்டால் பெல்ட் தளர்ச்சியைப் பாருங்கள்.

*சிமெண்ட் தரையில் வைத்தால் பேட்டரி இறங்கிவிடும் என்கிறார்களே?*
அது பழைய காலத்துப் பெட்டிகளுக்குச் சொன்னது. இப்போதைய பிளாஸ்டிக் பெட்டிக்கு அந்தப் பயம் இல்லை. ஆனாலும் ஈரம் படாமல் பலகை மேல் வைப்பது நல்லதுதான்.

*வெளிநாட்டில் இருக்கும் மகனின் கார் மாதக்கணக்கில் நிற்கிறது. அதற்கும் இதேதானா?*
அதேதான். காரில் கடிகாரம், லாக், அலாரம் எல்லாம் எப்போதும் கொஞ்சம் கரண்ட் இழுப்பதால் இன்னும் சீக்கிரம் இறங்கும். நெகட்டிவைக் கழற்றும் முன் கையேட்டைப் பாருங்கள், சில கார்களில் ரேடியோவுக்கு மறுபடி கோடு போட வேண்டிவரும். சாவியை உள்ளே வைத்துவிட்டுப் பேட்டரியைக் கழற்றாதீர்கள்.

*சார்ஜ் போட்டும் மறுநாளே இறங்குகிறது. மாற்ற வேண்டுமா?*
முழு சார்ஜுக்குப் பின் ஹைட்ரோமீட்டரில் ஆறு செல்லையும் அளக்கச் சொல்லுங்கள். ஒரு செல் மற்றவற்றைவிட 0.050-க்கு மேல் குறைந்திருந்தால் அந்த செல் போய்விட்டது, புதியதுதான் வழி. பழையதை உடைக்காமல், ஆசிட்டை வாய்க்காலில் கொட்டாமல், கடையிலேயே கொடுத்து விலையில் கழித்துக்கொள்ளுங்கள். ஈயம் மண்ணிலும் கிணற்றிலும் சேர்ந்தால் குழந்தைகளுக்கு நஞ்சு. பழைய பேட்டரியைத் திரும்பப் பெற்று மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பு தயாரிப்பாளருடையது என்று 2022-ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள் சொல்கின்றன.